படம் விடுகிற நேரத்து ஓட்டல்

இராத்திரி 9.35. பக்கத்துத் தியேட்டரில் பர்ஸ்ட் ஷோ விட இன்னும் 5 நிமிஷம் இருக்கிறது. ஓட்டலில் பாதி மேசை காலி. சப்ளையர்கள் சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தோசை மாஸ்டர் மட்டும் சும்மா இல்லை. கல்லில் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார். முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, சூடு கூடிவிட்டது. தீயைக் குறைத்து, இன்னொரு கை தெளித்து, கட்டையாக வெட்டிய தென்னஞ்சீமாற்றால் இழுத்துவிட்டு, மறுபடி தெளிக்கிறார். இந்தத் தடவை தண்ணீர் விழுந்த இடத்திலேயே சொய்ங்கென்று ஆவியாகிறது. மாவு ஊற்றும் பதம் இதுதான். இந்தச் சூட்டிலேயே கல்லை அடுத்த 5 நிமிஷம் பிடித்து வைக்க வேண்டும். கூட்டம் உள்ளே வந்தபிறகு கல்லைப் பதப்படுத்த ஆரம்பித்தால் முதல் 6 தோசையும் கல்லோடு ஒட்டும், இல்லாவிட்டால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும்.

தியேட்டர் தெருவில் இருக்கும் பெரிய ஓட்டலின் பிழைப்பு, ஒரு நாளைக்கு நாலு தடவை வரும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. எத்தனை அறை, எவ்வளவு ஏசி, வரவேற்பறையில் என்ன பளிங்கு என்பதெல்லாம் பிறகு. கோவை, ஈரோடு, சேலம் என்று எந்த ஊரை எடுத்தாலும், தியேட்டருக்குப் பக்கத்தில் கடை போட்டால் கூட்டம் தானாக வரும் என்று நம்பிப் பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் வரும். ஆனால் சீராக வராது. அணை திறந்தது மாதிரி வந்து, அதே வேகத்தில் வடிந்துவிடும். அந்த வேகத்துக்குக் கட்டடமும் அடுப்பும் ஆளும் தயாராக இல்லையென்றால், கூட்டம் வந்ததே கடைக்குக் கெட்ட பெயர் வாங்கத்தான் என்று ஆகிவிடும்.

தியேட்டரும் தங்கும் விடுதியும் ஒரே தெருவில் அமைந்தது இந்தப் பக்கத்தில் பழைய கதை. சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஊர் ஊராகப் படம் காட்டத் தொடங்கி, 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டினார். அந்தத் தெருவுக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு முனையில் டவுன்ஹால் கடைவீதி, நடந்தால் ரயிலடி. சரக்கெடுக்க வந்த வியாபாரி வேலையை முடித்து, சாப்பிட்டு, ஒரு ஆட்டம் பார்த்து, லாட்ஜில் படுத்து, காலை ரயிலைப் பிடிப்பதற்கு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் லாட்ஜும் தியேட்டரும் ஒட்டி ஒட்டி வளர்ந்தன. இன்றைக்கும் 'ஓட்டல்' என்று சொன்னால் நம்மவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைதான் முதலில் நினைவுக்கு வரும்; மேலே அறை இருப்பது உபரிச் செய்தி. தியேட்டர் தெருவைப் பொறுத்தவரை அந்தப் பழைய அர்த்தமே சரி. தரைத்தளம் ஓடினால்தான் மேல்மாடி நிற்கும்.

முதலில் மணிக்கணக்கு. வழக்கமாக நாளுக்கு நாலு காட்சி: காலை 11, மேட்னி 2.30, பர்ஸ்ட் ஷோ 6.30, செகண்ட் ஷோ 10 அல்லது 10.15. பண்டிகைக்கும் பெரிய நட்சத்திரப் படத்துக்கும் அரசு அனுமதி கிடைத்தால் ஐந்தாவது காட்சி சேரும். இவை தொடங்கும் நேரம். ஓட்டலுக்கு வேண்டியது விடும் நேரம், அது படத்துக்குப் படம் மாறும். 2 மணி 45 நிமிஷப் படம் என்றால் விளம்பரத்துக்கு 10, இடைவேளைக்கு 15 சேர்த்து, 6.30 காட்சி 9.40-க்கு விடும். 3 மணி நேரப் படம் என்றால் 9.55. அதோடு செகண்ட் ஷோவும் 10.30-க்குத் தள்ளிப்போய், கூட்டம் வெளியே வரும்போது 2 மணிக்கு 5 நிமிஷம்தான் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலமே அடுத்த நாள் படத்தின் நீளத்தை விசாரித்துக் கரும்பலகையில் எழுதி வைக்காத மேலாளர், வெள்ளிக்கிழமை இரவு 1 மணிக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 2 மணிக்கு வாசலில் 60 பேரைப் பார்த்து முழிப்பார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று குத்துமதிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் ஆப்பில் இருக்கை வரைபடத்தைத் திறந்தாலே எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரியும். பர்ஸ்ட் ஷோவுக்கு 7 மணிக்கு ஒரு தடவை, செகண்ட் ஷோவுக்கு 10.45-க்கு ஒரு தடவை பார்த்தால் போதும். மழை வந்தால் மட்டும் கணக்கு மாறும்: தியேட்டர் வாசலில் ஒதுங்க முடியாதவர்கள் ஓட்டலுக்குள் ஒதுங்கி ஒரு காபியோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுவார்கள்.

காட்சிக்குக் காட்சி ஆள் வேறு, பசி வேறு. காலைக் காட்சி விட்டதும் வருவது கல்லூரிப் பையன்கள். சாப்பாட்டுக்கு நிற்காமல் பரோட்டா, பிரைடு ரைஸ் என்று கேட்பார்கள், பில்லை ஆறாகப் பிரிக்கச் சொல்வார்கள். மேட்னி விட்டுப் பொழுதோட வருவது பெண்களும் குழந்தைகளும்: காபி, வடை, ஒரு ரோஸ்ட். பர்ஸ்ட் ஷோதான் குடும்பக் கூட்டம். நாலு பேர் வந்து நாலு விதமாகக் கேட்டு முக்கால் மணி நேரம் உட்காருவார்கள். செகண்ட் ஷோ விட்டு வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது உடனே வேண்டும். டீ, சுக்குக் காபி, அசைவக் கடையாக இருந்தால் பரோட்டாவும் கலக்கியும். கலக்கி இந்த நேரத்துக்கென்றே பிறந்த பண்டம். ஒரு குழிக்கரண்டியில் முட்டை, கொஞ்சம் சால்னா, மிளகுத்தூள். கல்லில் ஊற்றி ஓரம் வேகும்போதே மடித்து எடுத்தால் ஒரு நிமிஷ வேலை. செகண்ட் ஷோ மெனுவில் 25 பண்டம் போட்டு அடுப்பைக் குழப்புவதைவிட, ஒரு நிமிஷத்தில் முடியும் நாலு பண்டம் இருந்தால் இருப்பவர் எல்லோருக்கும் கொடுக்கலாம்.

கல்லின் கணக்குக்கு வருவோம். 900 இருக்கைத் தியேட்டர், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 600 பேர். பன்னிரண்டில் ஒருவர் உங்கள் படியேறினால் 50 பேர். 80 இருக்கைக் கூடத்தில் ஏற்கெனவே 40 பேர் இருப்பார்கள். அப்படியானால் 10 பேர் நிற்க வேண்டும். உட்கார்ந்த புதியவர்களில் 30 பேர் ரோஸ்ட் சொன்னால், 3 அடிக்கு 2 அடிக் கல்லில் ஒரு ஈட்டுக்கு 6. ஊற்றி, எண்ணெய் விட்டு, முறுகி, மடித்து, மறுபடி தண்ணீர் தெளித்துத் துடைக்க 4 நிமிஷம். ஒரே கல் என்றால் கடைசி ஆளுக்கு 20 நிமிஷம். இரண்டு கல் இருந்தால் 12 நிமிஷத்துக்குள் முடியும். படம் பார்த்துவிட்டு வந்தவர் கால் மணி நேரம் வரை பொறுப்பார். அதற்குமேல் எழுந்து போவார், அல்லது உட்கார்ந்து திட்டுவார். ஆகவே தியேட்டர் தெருவில் இரண்டாவது கல்லை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். நாள் முழுக்க அது சும்மா கிடந்தாலும் பரவாயில்லை.

கல் பருமனாக இருப்பது முக்கியம். 18, 20 மில்லிமீட்டர் தகடு என்றால் ஒரே சமயம் 6 கரண்டி மாவு விழுந்தாலும் சூடு பொசுக்கென்று இறங்காது. 10 மில்லிமீட்டர் தகட்டில் முதல் ஈடு பொன்னிறமாக வரும், இரண்டாவது வெளுத்துவரும், மூன்றாவது ஒட்டும். மாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேரே ஊற்றினாலும் இதே கதிதான். காட்சி விடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வாளியை வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

மாவில்தான் அதிக ஓட்டல்கள் தோற்கின்றன. காலை டிபனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆட்டிய மாவை இரவு 1 மணி வரை ஓட்டப் பார்ப்பார்கள். சித்திரை வெயிலில் அந்த மாவு மத்தியானத்துக்கே பொங்கி, இராத்திரிக்குப் புளித்து நாறும். தோசை சிவக்காது, ஓட்டை ஓட்டையாகப் பிய்ந்து வரும். இரவுக் கூட்டத்துக்குத் தனியாகக் காலை 11 மணி வாக்கில் இன்னொரு ஈடு ஆட்ட வேண்டும். கோடையில் 6 மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழி, தையில் குளிர் கூடிய நாட்களில் அதே மாவு இரண்டு மடங்கு நேரம் கேட்கும். அப்போது ஆட்டுவதை முன்னுக்குத் தள்ளி, அண்டாவைக் கொதிகலன் அறைப் பக்கம் வைக்க வேண்டியதுதான். கிரைண்டர் விஷயத்தில் கோவைக்காரருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை, இந்த ஊர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் உளுந்து ஆட்டும்போது கல் சூடேறாமல் குளிர்ந்த தண்ணீர் விடுவதை, அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இட்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 12 நிமிஷத்தில் வெந்துவிடும், விடும் நேரத்துக்குக் கால் மணி முன் கொப்பரையை ஏற்றினால் சரி. டிகாக்ஷனை மட்டும் நேரம் பார்த்து இறக்க வேண்டும். சாயங்காலம் 4 மணிக்கு இறக்கியதை 9.40-க்குக் கொடுத்தால் கசப்பு நாக்கில் நிற்கும். சிறுவாணித் தண்ணீரில் போடும் காபியின் ருசியைச் சொல்லிப் பெருமைப்படும் ஊரில், போர்வெல் தண்ணீரில் காபி போட்டால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். உப்புத் தண்ணீர் கொதிகலனிலும் பாத்திரம் கழுவும் யந்திரத்திலும் காரை படியவைக்கும். சமையலுக்கு ஒரு குழாய், கழிப்பறைக்கு ஒரு குழாய் என்று தொட்டியிலிருந்தே பிரித்துவிடுவது நல்லது.

சரி, அடுப்பு தயார், மாவு தயார். அப்படியும் கூட்டம் வாசலில் நிற்கிறதென்றால் கோளாறு அடுப்பில் இல்லை; மேசையில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகு பில் வர 4 நிமிஷம், கல்லாவில் நிற்க 3 நிமிஷம், மேசை துடைபட 3 நிமிஷம். இந்தப் பத்து நிமிஷத்தில் அந்த மேசையில் இன்னொருவர் பாதி தோசை சாப்பிட்டிருப்பார். பர்ஸ்ட் ஷோ விடும் நேரத்தில் சப்ளையரைக் கூட்டுவதைவிட, துடைக்கிற ஆளை இரண்டு பேர் கூட்டுவதே பலன் தரும். இன்னொன்று: படம் விட்டதும் அத்தனை பேரும் போனை எடுப்பார்கள், நெட்வொர்க் திணறும், ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், கல்லா முன்னால் வரிசை வளரும். ஓட்டலின் வைபையை வாடிக்கையாளருக்குத் திறந்துவிட்டு, மேசையிலேயே கியூஆர் அட்டை வைத்தால் வரிசை பாதியாகும். பொட்டணம் கேட்பவர்களை எந்தக் காரணத்துக்கும் உள்ளே விடக்கூடாது. தெருவைப் பார்த்துத் தனி ஜன்னல் வேண்டும். கைகழுவும் இடம் 25 இருக்கைக்கு ஒரு குழாய் என்றாவது இருக்கட்டும். சாப்பிடாமல் கழிப்பறைக்கு மட்டும் வருகிறவர்களும் இருப்பார்கள். விரட்ட வேண்டாம்; கழிப்பறையைக் கூடத்துக்கு உள்ளே வைக்காமல் வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் சாப்பிடுகிறவர்களுக்கும் தொந்தரவில்லை.

பார்க்கிங் பெரிய தலைவலி. தியேட்டரின் இடம் நிரம்பியதும் வண்டியெல்லாம் உங்கள் கேட்டுக்குத்தான் திரும்பும். சாப்பிட வருபவர் முக்கால் மணி நேரம் நிறுத்துவார், படம் பார்ப்பவர் மூன்றேகால் மணி நேரம் நிறுத்துவார். ஒரு படக்காரர் வண்டி நின்றால் நாலு சாப்பாட்டுக்காரர் இடம் போச்சு. டோக்கனில் உள்ளே வந்த நேரத்தைக் குத்தி, ஓட்டல் பில் காட்டினால் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் தியேட்டர் வாங்குவதைவிடக் கூடுதல் கட்டணம் என்று வைக்க வேண்டும். தியேட்டரைவிடக் குறைவாக வைத்தீர்களோ, ஊரே உங்களிடம் நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போகும். அறையில் தங்குகிறவர்களின் காருக்குத் தனி இடம், அதுவும் கேட்டைப் பார்த்து. விடிகாலை 6 மணி வந்தே பாரத்தைப் பிடிக்க வேண்டியவரின் டாக்சி உள்ளே வர முடியாமல், செகண்ட் ஷோ பார்த்துவிட்டு அறையெடுத்துத் தூங்குகிறவரின் கார் குறுக்கே நிற்பது வாரம் ஒருமுறையாவது நடக்கும். சாவியை வாங்கி வைக்காத பார்க்கிங் பையனைத்தான் அப்போது எல்லோரும் ஏசுவார்கள். தப்பு, கோடு போடாத முதலாளி மேல்.

கேட் எங்கே திறக்கிறது என்பதையும் கட்டும் முன்பே யோசிக்க வேண்டும். தியேட்டர் வெளிவாசலும் ஓட்டல் உள்வாசலும் ஒரே பக்கம் 20 மீட்டருக்குள் இருந்தால் விடும் நேரத்தில் இரண்டு ஓட்டமும் முட்டிக்கொள்ளும். தீ விபத்தின்போது ஓட்டல் ஆட்கள் வெளியே வந்து கூட வேண்டிய இடம் என்று தியேட்டர் வாசலைக் காட்டும் வரைபடங்களும் உண்டு. இரண்டு கட்டடத்துக் கூட்டமும் ஒரே இடத்தில் குவிந்தால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும்? தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். சுற்றிலும் விட வேண்டிய காலியிடம், அனுமதி எல்லாம் வேறு தினுசு. நெருக்கமான பழைய தெருக்களில் லாட்ஜுகள் நாலைந்து மாடியோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் நியூயார்க்கைக் கொஞ்சம் இழுத்து வரலாம். அங்கே டைம்ஸ் சதுக்கத்தில், நாடக அரங்குகளுக்கு நட்டநடுவே, 1985-இல் மேரியட் மார்க்கீ என்ற ராட்சத ஓட்டல் திறந்தது. 1,900-க்கு மேல் அறைகள். அதைக் கட்டுவதற்காக 1982-இல் ஐந்து பழைய அரங்குகளை இடித்தார்கள். நடிகர்கள் தெருவில் இறங்கிப் போராடியும் பலனில்லை. இடித்ததற்கு ஈடாக ஓட்டலுக்குள்ளேயே 1,600 இருக்கை அளவில் ஒரு நாடக அரங்கு வைத்தார்கள். கட்டடக் கலைஞர் ஜான் போர்ட்மேன் வரவேற்பறையைத் தரையில் வைக்கவில்லை, எட்டாவது மாடிக்குத் தூக்கிவிட்டார். அந்தக் காலத்தில் அந்தச் சதுக்கம் அவ்வளவு நல்ல இடமில்லை. தெருவுக்கு முதுகைக் காட்டி, உள்ளே பல மாடி உயரத்துக்கு வானம் மாதிரி ஒரு கூடத்தைத் திறந்தார். பார்க்கப் பிரமாதம். ஆனால் எங்கே போவதானாலும் லிப்ட்தான். நாடகம் விட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மேலே போக நினைத்தால் என்ன ஆகும்? லிப்டுக்குக் காத்திருப்பது அந்த ஓட்டலின் தீராத புகாராகி, போகிற மாடியின் எண்ணை வெளியிலேயே அழுத்தினால் எந்த லிப்ட் என்று சொல்லும் முறையைப் பின்னாளில் பொருத்தினார்கள். அந்த இடிப்புக்குப் பிறகு நகரம் விழித்துக்கொண்டு, மிச்சமிருந்த அரங்குகளில் பலவற்றைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தது.

நம் ஊரில் யாரும் எட்டாவது மாடியில் வரவேற்பறை வைக்கப் போவதில்லை. ஆனால் அதே தப்பைச் சின்னதாகச் செய்கிறவர்கள் உண்டு. தரைத்தளத்தை நகைக்கடைக்கோ வங்கிக்கோ வாடகைக்கு விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தை முதல் மாடிக்கு ஏற்றுவார்கள். வாடகை மாதாமாதம் வரும், உண்மை. ஆனால் படம் விட்டுத் தெருவில் நடக்கிறவர் கண்ணுக்குக் கல்லின் ஆவியும் நெய் வாசமும் தட்டுப்பட வேண்டும். 18 படி ஏறிப் பார்த்துவிட்டு இடமில்லையென்று இறங்கினவர் இரண்டாவது தடவை ஏறமாட்டார். 6 மாடி, 90 அறைக் கட்டடத்துக்கு விருந்தினர் லிப்ட் இரண்டு, சரக்கு லிப்ட் தனியாக ஒன்று. சரக்கு லிப்டை மிச்சப்படுத்தினால் 9.40-க்கு அறைக்குப் போகும் சாம்பார் வாளியும் சினிமா பார்த்து வந்த குடும்பமும் ஒரே பெட்டிக்குள் நிற்கும்.

அறைகளில் யார் தங்குகிறார்கள்? சினிமா பார்க்க வந்தவர் மிகக் குறைவு. திருப்பூருக்குச் சரக்கு பார்க்க வந்தவர், ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கும் ஜவுளிச் சந்தைக்கு வந்தவர், சேலத்துக்கு வெள்ளிக் கொலுசு எடுக்க வந்தவர், கோவை ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டுக் கூட இருப்பவர், பாலக்காட்டுப் பக்கமிருந்து கடைவீதிக்கு வந்த குடும்பம். இவர்கள் எல்லோருக்கும் வேண்டியது தூக்கம். தெருவுக்கு வேண்டியது சத்தம். இரண்டையும் சேர்த்துவைப்பது கட்டுகிறவரின் சாமர்த்தியம். தியேட்டரைப் பார்த்த பக்கத்தில் லிப்ட், படிக்கட்டு, துணி வைக்கும் அறை, தாழ்வாரம் ஆகியவற்றை அடுக்கி, படுக்கையறைகளை மறுபக்கம் திருப்ப வேண்டும். ஜன்னலுக்கு 5 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடி போதாது. இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி வேண்டும், அதில் ஒன்று நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக இருந்தால் இன்னும் நல்லது. ஆயிரக்கணக்கில் கண்ணாடிக்குச் செலவழித்துவிட்டு, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழையும் சந்தை அடைக்காமல் விடுவதுதான் வழக்கமான கோளாறு. சத்தத்துக்கு அந்தச் சந்து போதும். கதவின் அடிச்சந்தும் அப்படியே. கதவு மூடும்போது தானாக இறங்கி அடைக்கும் ரப்பர் பட்டை பொருத்தினால் தாழ்வாரப் பேச்சு குறையும்.

'பாஸ்' என்கிற தாழ்ந்த அதிர்வொலி மட்டும் கண்ணாடிக்கு அடங்காது. தியேட்டர் சுவரும் ஓட்டல் சுவரும் ஒட்டியிருந்தால் சண்டைக்காட்சியின் 'தொம் தொம்' தலையணையில் கேட்கும். இரண்டு சுவருக்கும் நடுவில் 50 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டு, அதில் செங்கல் துண்டோ காரையோ விழுந்து பாலம் போடாமல் பார்க்க வேண்டும். ஒரு துண்டு சிக்கினாலும் அதன் வழியாகவே அதிர்வு கடந்துவரும். வணிகப் பகுதிக்கு ஒலி அளவு பகலில் 65 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 55 என்று சட்டம் இருக்கிறது. இரவுக் காட்சி விடும்போது தெருவில் மீட்டரைப் பிடித்துப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு மாசுக் கட்டுப்பாட்டு விதி ஒன்று உண்டு: கட்டட உயரத்தோடு, ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி வரும் மீட்டரைக் கூட்ட வேண்டும். 250 கேவிஏ என்றால் மாடிக்கு மேல் 3.2 மீட்டர். இதைச் சரியாகச் செய்துவிட்டு, தியேட்டர் ஜெனரேட்டரின் குழாய்க்கு எதிரே அறைகளுக்கான வெளிக்காற்று உறிஞ்சியை வைத்தால் பயனில்லை. கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது மாடி முழுக்க டீசல் வாடை அடிக்கும்.

வாடகை வைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்குமேல் 18. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஒரு அறைக்கு ஒரு நாள் 7,500-க்கு மேல் வாங்கியிருந்தாலே, அடுத்த ஆண்டு அந்த வளாகத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் 5-க்குப் பதில் 18 சதவீதம். கோவை கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கிறது, ஊரில் அறையே இல்லை என்று ஒரே ஒரு பெரிய அறையை 8,000-க்கு விட்டால், அடுத்த வருஷம் முழுக்க இட்லிக்கு 18 சதவீதம் போட வேண்டிவரும். எதிர்க்கடையில் 5 சதவீதம். தியேட்டர் கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. தியேட்டர் தெரு ஓட்டல் 7,499-இல் நிற்பதே புத்திசாலித்தனம்.

பெரிய படம் வெளியாகும் நாள் தனி ரகம். முந்தைய இரவே கட்அவுட், பாலாபிஷேகம், பேண்டு, சரவெடி. அறை எடுத்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கேட்பவர்களுக்குப் பின்பக்க அறை மாற்றித் தர வேண்டும். வாசலில் இருக்கும் பூந்தொட்டி, பலகை, கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். யாரும் வேண்டுமென்று உடைப்பதில்லை, நெரிசலில் உடையும். சரவெடி விழும் தூரத்தில் 19 கிலோ சிலிண்டர் வரிசை இருந்தால் அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அது தப்பான இடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய படங்கள் வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். ஓட்டல் ஆட்கள் ஊருக்குப் போவதும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கூட்டம் இரண்டு மடங்கு, ஆள் பாதி. இதைச் சமாளிக்கத் தெரிந்த ஓட்டல்கள் அந்த மூன்று நாளும் மெனுவைப் பாதியாக வெட்டிவிடும்: இட்லி, ரோஸ்ட், பொங்கல், தக்காளிச் சாதம், அரிசிபருப்புச் சாதம், காபி. அரிசிபருப்புச் சாதத்தை ஒரு அண்டாவில் ஏற்றி இறக்கிவிட்டால் மாஸ்டர் இல்லாமலே பரிமாறலாம். நெய்யும் அப்பளமும் வைத்தால் கொங்குக்காரர் யாரும் குறை சொல்லமாட்டார். ஒடிசா, வடகிழக்குப் பக்கத்து ஆட்கள் தீபாவளிக்கு நிற்பார்கள், அவர்களுடைய பண்டிகைக்குப் போவார்கள். இரண்டு பக்கத்து நாட்காட்டியும் மேலாளர் மேசையில் இருக்க வேண்டும்.

இரவு எவ்வளவு நேரம் திறக்கலாம்? 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் 24 மணி நேரமும் இயங்கத் தமிழ்நாட்டில் அரசாணை இருக்கிறது. பெண் ஊழியர்கள் இரவு 8 மணிக்கு மேல் இருப்பதென்றால் அவர்களின் எழுத்துபூர்வச் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும். காகிதத்தில் அப்படி. ரோந்து வண்டி வந்து ஷட்டரைத் தட்டும்போது ஆணையின் நகல் கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

கடைசிப் பொட்டணம் போனதும் வேலை முடியவில்லை. கல் சூடாக இருக்கும்போதே வெங்காயத்தை இரண்டாக வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கருக்கு வந்துவிடும். ஆறவிட்டால் மறுநாள் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சாக்கடைக்கு முன்னால் இருக்கும் எண்ணெய்த் தொட்டியை வாரம் இரண்டு தடவையாவது வழித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் சரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்ஸ்ட் ஷோ விடும் நேரத்தில்தான் கைகழுவும் இடத்தில் தண்ணீர் எதிர்த்து ஏறும். புகைபோக்கி வலையும் அப்படித்தான். பிசுக்கு ஏறிய வலைக்குப் பொறி ஒன்று போதும். சிலிண்டர் வால்வை மூடியது யார் என்று கையெழுத்துப் போடும் நோட்டு அடுப்படிக் கதவிலேயே தொங்கட்டும்.

பால் வண்டி 4 மணிக்கு வரும். அதற்குள் கேட்டுக்கு முன்னால் நிற்கும் வண்டிகளை ஒதுக்கி, ஒரு பால் கேன் உருளும் அளவுக்காவது வழி விட்டிருக்க வேண்டும்.